நான் டிக் போட்ட கட்டம்

துபாயில் நடந்த ஒரு கல்விக் கண்காட்சியில் எனக்கு இலவசமாக ஒரு பையும், ஒரு பேனாவும், ஸ்டேப்ளர் அடித்த ஆறு தாள்களும் கிடைத்தன. பை ஒரு மாதத்தில் கிழிந்தது. பேனாவை உம்மா எடுத்துக்கொண்டார், மாவு டப்பாவின் மூடியை நெம்புவதற்கு. தாள்கள் மட்டும் என்னிடம் தங்கின. அமெரிக்கக் கல்லூரிகளில் புழங்கும் சொற்களும் அவற்றுக்கான விளக்கங்களும் அதில் இருந்தன. நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு, ஷார்ஜாவில் ஓர் இந்தியப் பள்ளியில். அமெரிக்காவில் படிக்கப் போகிறேன் என்று முடிவெடுத்திருந்தேன். யாரையும் கேட்டு எடுத்த முடிவு அல்ல.

எங்கள் பள்ளியில் பெண்களுக்குக் காலை ஷிஃப்ட், பையன்களுக்கு மதிய ஷிஃப்ட். நான் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவில் வாப்பா வேலை செய்த துணிக்கடையையும் ஒரு மணிக்குச் சாத்தி நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த மூன்று மணி நேரம்தான் எங்கள் குடும்பம் குடும்பமாக இருந்த நேரம். சோறு சாப்பிட்டுவிட்டு, ஏசிக்கு நேர் கீழே பாயில் வாப்பா படுப்பார். நான் தாள்களை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன்.

"இன்னிக்கு என்ன சரக்கு வந்துருக்கு?" என்று கண்ணை மூடியபடியே கேட்பார்.

"கிரெடிட் அவர்."

"அப்படின்னா?"

"வாரத்துக்கு எத்தன மணி நேரம் கிளாஸ்ல உக்காருறோம்ங்கற கணக்கு வாப்பா. அதச் சேத்துச் சேத்து நூத்தி இருபது வந்துட்டா டிகிரி குடுத்துருவாங்க."

"டியூட்டி அவர் மாதிரி. ஓவர்டைம் உண்டா?"

"உண்டு. கூடுதலா எடுத்தா சீக்கிரம் முடிக்கலாம்."

"அப்ப நல்ல கம்பெனிதான்."

மேஜர் என்றால் நாம் முக்கியமாகப் படிக்கும் பாடம், மைனர் என்றால் கூடவே கொஞ்சமாகப் படிப்பது என்றேன். "சுடிதார் பிட்டு மேஜர், லைனிங் மைனர்" என்றார். என்ன படிக்கப்போகிறோம் என்று இரண்டு வருடம் கழித்துச் சொன்னால் போதும் என்றபோதுதான் கண்ணைத் திறந்தார். அவரால் அதை நம்ப முடியவில்லை. அடுக்களையிலிருந்து உம்மா சொன்னார்: "ஏன், ஒங்க கடையில ஐம்பது பிட்ட விரிக்கச் சொல்லிட்டு என்ன வாங்கறதுன்னு தெரியாம நிக்கிறாளுவல்ல பொம்பளைங்க? அதே கூத்துதான்."

என் வகுப்பில் இன்னும் சிலர் அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தார்கள். இந்தச் சொற்களை அவர்கள் அண்ணன்மாரிடம் கேட்டார்கள், டெக்சாஸில் இருக்கும் சித்தப்பாவிடம் கேட்டார்கள். எனக்கு ஆறு தாள்களும் ஒரு துணிக்கடை விற்பனையாளரும். அதில் எனக்குக் குறை இருந்ததில்லை. துணிக்கடையில் வைத்துச் சொல்ல முடிந்தால் அந்தச் சொல் எனக்குப் புரிந்துவிட்டது என்று பொருள். சொல்ல முடியாவிட்டால், நான்தான் இன்னும் சரியாகப் படிக்கவில்லை. டெக்சாஸ் சித்தப்பாவிடம் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு டிரான்ஸ்கிரிப்டுக்கும் மார்க் ஷீட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். மார்க் ஷீட் ஒரு நாளின் பில், டிரான்ஸ்கிரிப்ட் வருடக் கணக்குப் புத்தகம்.

விண்ணப்பப் படிவம் வந்தபோது முதல் தடங்கல் பெற்றோரின் படிப்பைக் கேட்ட இடத்தில் வந்தது. முனைவர் பட்டத்தில் தொடங்கி வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டம், பள்ளிப் படிப்பை முடிக்காதவர். தொடங்கவே இல்லாதவருக்குக் கட்டம் இல்லை. வாப்பா ராமநாதபுரம் கடற்கரையில் ஏழு வயதிலேயே வேலைக்குப் போனவர். தமிழ், மலையாளம், இந்தி, அரபி எல்லாம் பேசுவார். ஈரானியக் கிழவிகளிடம் விலை பேசும் அளவுக்குப் பார்சியும் வரும். எந்த எழுத்தும் தெரியாது. கையெழுத்தை மட்டும் ஒரு கோலத்தைப் போல மனப்பாடம் செய்து வைத்திருந்தார். உம்மா குர்ஆன் ஓதுவார், தமிழ் எழுத்துத் தெரியாது. நான் கடைசிக் கட்டத்தில் டிக் போடவில்லை. கட்டங்களுக்குக் கீழே என் கையால் ஒரு கோடு இழுத்து, இருவரும் பள்ளிக்குச் செல்லவில்லை, தந்தை ஐந்து மொழிகள் பேசுவார் என்று எழுதினேன்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவருக்கு அந்த ஆறு தாள்களில் ஒரு பெயர் இருந்தது. முதல் தலைமுறை மாணவர். வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரி ஒரு டாக்டரின் மகள். அவளும் விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். அந்த வரியைப் படித்துவிட்டு, "லக்கிடீ நீ!" என்றாள். "கட்டுரையில உங்க டாடிக்குப் படிக்கத் தெரியாதுன்னு எழுது. அழுதுருவாங்க. நான் எங்கடீ போவேன், எங்கப்பா எம்.டி."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் நான் எழுதவில்லை. ரோலாவிலிருந்து துபாய் போகும் பஸ்ஸில் பெண்களுக்கான முன்வரிசையில் யார் யார் உட்காருகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று எழுதினேன். என்னை எடுத்துக்கொள்வதென்றால் என் மூளைக்காக எடுத்துக்கொள்ளட்டும் என்பது என் எண்ணம். வாப்பாவை அழுவதற்கான சரக்காகக் கவுண்ட்டரில் விரிக்க எனக்கு இஷ்டமில்லை.

எல்லாவற்றையும் நிரப்பி முடித்துவிட்டேன். மிச்சமிருந்தது பரிந்துரைப் படிவம் ஒன்றுதான். பாடம் எடுத்த ஆசிரியர் ஒருவர் நம்மைப் பற்றி எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்திட்டு நம்மிடமே தருவார். நாம் அதைத் திறக்காமல் மற்றத் தாள்களோடு சேர்த்து அனுப்ப வேண்டும். உறை திறந்திருந்தால் விண்ணப்பம் செல்லாது. படிவத்தின் மேல்பகுதியில் மாணவர் நிரப்புவதற்கு ஒரு சின்னப் பத்தி, அதன் கீழே இரண்டு கட்டங்கள். ஐ வெய்வ் என்று ஒன்று. ஐ டு நாட் வெய்வ் என்று இன்னொன்று.

வெய்வ் என்ற சொல் என் ஆறு தாள்களில் இல்லை. பள்ளி நூலகத்தில் அகராதியைப் பார்த்தேன். உரிமையைத் தானே விட்டுக்கொடுத்தல் என்று இருந்தது. மறுபடி அந்தப் பத்தியை மூன்று தடவை படித்தேன். அமெரிக்கச் சட்டப்படி, நான் அந்தக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் என் கோப்பில் இருக்கும் எந்தத் தாளையும் கேட்டு வாங்கிப் படிக்கும் உரிமை எனக்கு உண்டு. இந்தக் கடிதமும் அதில் சேர்த்தி. முதல் கட்டத்தில் டிக் போட்டால், என்னைப் பற்றி எழுதப்பட்ட இந்தக் கடிதத்தை நான் எந்தக் காலத்திலும் படிக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாக அர்த்தம்.

இதை வாப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று அன்றைக்கு நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவருக்கு இது துணிக்கடை இல்லாமலே புரியும்.

நான் பிறப்பதற்கு முன்னால் வாப்பா ராஸ் அல் கைமாவில் இருந்தார், சிமெண்ட் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடையில். ஒருநாள் கடை முதலாளி ஒட்டிய பழுப்பு உறை ஒன்றைக் கொடுத்து, லேபர் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்றார். நல்ல வெயில் காலம். உறையில் வியர்வை படக்கூடாது என்று வாப்பா அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். வரிசையில் நின்று கவுண்ட்டரில் கொடுத்தார். உள்ளே இருந்தவர் பிரித்துப் படித்தார். பிறகு வாப்பாவின் பெயரைக் கேட்டார். சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாய், இது உன்னோட கேன்சல் லெட்டர். நீயேவா கொண்டு வந்தே?" வாப்பாவின் விசாவை ரத்து செய்யச் சொல்லி முதலாளி எழுதிய கடிதம் அது. அடுத்த வாரம் வாப்பா ஊரில் இருந்தார். வேறு விசாவில் திரும்பி வர இரண்டு வருடம் ஆனது.

அதற்குப் பிறகு வாப்பாவின் கைக்கு வந்த எந்த உறையும் ஒட்டியபடி ஐந்து நிமிடம் தாண்டியதில்லை. டெலிபோன் பில், என் ரிப்போர்ட் கார்டு, கல்யாணப் பத்திரிகை, பக்கத்துக் கடைக்காரருக்கு வரவேண்டியது தவறி எங்களுக்கு வந்தது, எல்லாவற்றையும் கிழித்துவிட்டுத்தான் யாருக்கு என்று கேட்பார். படிக்கத் தெரியாதவர் எதற்குத் திறக்கிறார் என்று சிலர் கேலி செய்வார்கள். நான் முதல் வகுப்பில் எழுத்துக்கூட்ட ஆரம்பித்த நாளிலிருந்து, அவர் திறந்ததைப் படிப்பது என் வேலை. எங்கள் வீட்டில் ஒட்டிய உறைக்கும் எனக்கும் உள்ள உறவு அது. இப்போது ஒரு கல்லூரி என்னிடம், உன்னைப் பற்றி இருப்பதைப் படிக்க மாட்டேன் என்று எழுதிக்கொடு, அப்போதுதான் அந்தக் கடிதத்தை முழுசாக நம்புவோம் என்கிறது. எங்கள் வீட்டிலேயே படிக்கத் தெரிந்த ஒரே ஆளிடம்.

நான் இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டேன். நீலப் பேனாவில், அழுத்தமாக.

டாக்டர் மகள் பார்த்துவிட்டுப் பதறினாள். "லூசு! எல்லாரும் மொதக் கட்டம்தான். நீ படிப்பேன்னு தெரிஞ்சா மிஸ் பயந்து நல்லதா மட்டும் எழுதுவாங்கன்னு அவங்க நெனப்பாங்க. லெட்டருக்கு மதிப்பே இருக்காது. சீட் போயிரும்டீ."

"போனா போகட்டும்."

"ஒயிட்னர் தரவா?"

"வேணாம்."

போனால் போகட்டும் என்று வாய்தான் சொன்னது. அந்தச் சீட் எனக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். எங்களைப் போன்ற வீட்டுப் பெண்ணுக்கு முழு உதவியோடு இடம் தரக்கூடிய கல்லூரிகளாகத் தேடித் தேடி இரண்டுதான் கண்டுபிடித்திருந்தேன். இரண்டும் இல்லை என்று சொன்னால், அடுத்த ஜூனில் ஊர்ப் பயணம், அதற்கடுத்த ஜூனில் யாருடைய வீட்டிலோ நான் மருமகள். அதை யாரும் மிரட்டலாகச் சொன்னதில்லை. என் வயதுப் பெண்கள் எல்லாருக்கும் அதுதான் நடந்தது.

கடிதம் எழுத நான் தேர்ந்தெடுத்தது கெமிஸ்ட்ரி மிஸ்ஸை. திருச்சிக்காரர். வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான், ஸ்டாஃப் ரூமில் தமிழ். கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர் என்று பெயர். படிவத்தை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"தப்பா டிக் பண்ணிருக்கம்மா. இத அடிச்சுட்டு மேல போடு."

"தப்பா போடல மிஸ். அதுதான்."

அவர் மறுபடி படித்தார். முகம் மெதுவாக மாறியது. "என்னைய நம்பலயா நீ?"

"நம்புறேன் மிஸ். அதனாலதான் ஒங்ககிட்ட வந்தேன்."

"அப்பறம் எதுக்கு நான் எழுதுறத நீ பாக்கணும்?"

"என்னப் பத்தி எழுதுறீங்கல்ல மிஸ்."

பக்கத்து மேசையில் இந்தி மிஸ் சப்பாத்தியைப் பிய்த்தபடி சிரித்தார். "வக்கீல் ஆக சொல்லுங்கோ இவள."

கெமிஸ்ட்ரி மிஸ் சிரிக்கவில்லை. "பதினெட்டு வருஷமா பாடம் எடுக்குறேன். எத்தன லெட்டர் குடுத்துருக்கேன். ஒரு ஸ்டூடண்ட்கூட இப்படி என் முன்னாடி வந்து நின்னதில்ல. கான்ஃபிடென்ஷியல்னா கான்ஃபிடென்ஷியல். வேற ஃபாரம் எடுத்துட்டு வந்து ஒழுங்கா டிக் பண்ணு. இல்லாட்டி வேற யார்கிட்டயாவது வாங்கிக்கோ."

வேறு யாரும் இல்லை. கணக்கு மிஸ் புதியவர். இங்கிலீஷ் சார் ஊருக்குப் போய்விட்டார், திரும்புவதாக இல்லை. கூரியரில் போடவேண்டிய நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது.

அன்று மதியம் வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் பக்கம் நிற்பார் என்பதில் எனக்கு ஒரு துளியும் சந்தேகம் இருக்கவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடித்ததும், "போட்டுக் குடுத்துரு" என்றார்.

"என்னத்த?"

"மேல் கட்டத்துல. ஒரு டிக்குதானே புள்ள."

"வாப்பா, நீங்களா சொல்றீங்க?"

"நாந்தான் சொல்றேன். அன்னைக்கு நான் கொண்டு போனதுல நம்ம சோறு இருந்துச்சு. இதுல என்ன இருக்கு? டீச்சரம்மா ரெண்டு நல்ல வார்த்த எழுதுவாங்க, அவ்ளோதான். அதப் படிக்காட்டி என்ன கொறஞ்சு போவுது?"

"இதுல என் சோறு இருக்கு."

"நாக்கப் பாரு" என்றார் உம்மா. அடுக்களையிலிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றிருந்தார். "டீச்சரம்மாட்டயும் இப்படித்தான் பேசுனியா?"

"ஆமா."

"அல்லாவே!"

வாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்கு என்மேல் கோபம் வந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். "இங்க பாரு. இந்த ஊருல இருவத்தி ரெண்டு வருஷம் நான் எப்படிக் காலந்தள்ளுனேன்? குனிய வேண்டிய எடத்துல குனிஞ்சேன். முதலாளி சரின்னா சரி, கலாஸ், அத்தோட முடிஞ்சுது. ஒரு கட்டத்துக்காக இவ்ளோ தூரம் வந்தத விட்டுருவியா?"

"நீங்க குனிஞ்சீங்க. எதுக்கு என்னையப் படிக்க வச்சீங்க? நானும் குனியிறதுக்கா?"

அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று அந்த நிமிடமே தெரிந்தது. ஆனால் நான் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் எடுத்துக்கொள்ள மாட்டேன். வாப்பா மூன்றரை மணிக்கே சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். திறக்காத கடைக்கு முன்னால் அரை மணி நேரம் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நான்கு நாள் வீட்டில் தாள்கள் வெளியே வரவில்லை. சொற்களும் வரவில்லை. சோறு, உப்பு, தண்ணீர் என்று மட்டும் பேசிக்கொண்டோம். அந்த நாட்களில் நான் படிவத்தை ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் மனம் மாறிவிடும் என்று பயமாக இருந்தது. பயம் இருந்ததை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஐந்தாம் நாள், மிஸ்ஸுக்கு வகுப்பில்லாத பீரியட் எது என்று பார்த்து லேபுக்குப் போனேன். அதே படிவம், அதே டிக். அவர் பிப்பெட்டுகளை எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். படிவத்தைப் பார்த்ததும், "மாத்தலயா?" என்றார்.

"இல்ல மிஸ்."

"அப்ப நான் எழுதல."

"சரி மிஸ். நீங்க எழுதலேன்னா, எழுதலன்னு நான் எழுதி அனுப்புறேன்."

"என்னது?"

"இந்தக் கட்டத்துல டிக் போட்டதால எனக்குக் கடிதம் கெடைக்கலன்னு ஒரு தாள்ல எழுதி வைப்பேன். ஒங்க பேர எழுத மாட்டேன். ரெண்டு கட்டமும் அவங்கதானே வச்சாங்க மிஸ்? ரெண்டாவதுல போடக் கூடாதுன்னா எதுக்கு அத அச்சடிச்சாங்க?"

"மிரட்டுறியா?"

"இல்ல மிஸ். நடந்தத எழுதுவேன்."

மிஸ் பிப்பெட்டைக் கீழே வைத்தார். "எதுக்கும்மா இவ்ளோ பிடிவாதம்? எனக்கு நெஜமாவே புரியல. யாராச்சும் ஒன்னய ஏமாத்திருக்காங்களா?"

அப்போது ராஸ் அல் கைமா கதையைச் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடக் கதை. மிஸ் இளகியிருப்பார், ஒருவேளை கண்கூடக் கலங்கியிருப்பார். என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. படிக்கும் உரிமை எனக்கு இருக்கிறது என்று சட்டமே சொல்கிறது. சட்டம் தந்ததை வைத்துக்கொள்ள நான் ஏன் என் வாப்பாவின் அவமானத்தைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும்?

"யாரும் ஏமாத்தல மிஸ். எனக்கு வேணும், அவ்ளோதான்."

 அவர் லேப் மேசைக்குக் கீழிருந்து ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளினார். "உக்காரு."

பேனாவை எடுத்து அங்கேயே எழுத ஆரம்பித்தார். நான் எதிரில், இரண்டு அடி தூரத்தில். தலைகீழாக இருந்தாலும் எனக்கு வாசிக்க முடியும். கடை பில்களைக் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று வாசித்தே வளர்ந்தவள் நான். ஆனால் முகத்தைத் திருப்பி, சுவரில் மாட்டியிருந்த தனிம அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருட்டுத்தனமாகப் படிப்பதற்காக நான் இவ்வளவு தூரம் வரவில்லை. ஏறக்குறைய அரை மணி நேரம் எழுதினார். ஆபீஸில் ஒரு நகல் எடுத்து வந்து, இரண்டு கல்லூரிக்கும் தனித்தனி உறையில் மடித்துப் போட்டு, பசை தடவி, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்கே கையெழுத்திட்டார்.

"இதுல புடிக்காதது இருந்தா என்கிட்ட வந்து சண்ட போடாத."

"போட மாட்டேன் மிஸ். தேங்க்ஸ் மிஸ்."

"போ. பிப்பெட் எத்தன எண்ணுனேன்னு மறந்து போச்சு, ஒன்னால."

வீட்டில் உறைகளை அலமாரியின் மேல் வைத்தேன். வாப்பா சாப்பிட வந்தவர் கையைக் கழுவிவிட்டு நேராக ஒன்றை எடுத்தார். நான்கு நாள் பேசாமல் இருந்ததெல்லாம் அந்த நொடியில் போய்விட்டது. பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்தேன்.

"வாப்பா! தொறந்தா செல்லாது!"

"என்ன புள்ள, மண்ட கொழம்பிப் போச்சா? படிப்பேன் படிப்பேன்னு ஊரையே எதுத்து நின்ன. இப்ப கைக்கு வந்துருச்சு, தொறக்கக் கூடாதுங்குற?"

"இப்ப படிக்க முடியாது. அங்க போயிச் சேந்த பொறகுதான் படிக்கலாம். அதுதான் சட்டம்."

"சேரலேன்னா?"

"சேரலேன்னா படிக்கவே முடியாது."

வாப்பா உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். பிறகு என் கையில் கொடுத்தார். "அப்ப சேந்துதான் ஆகணும்" என்றார். மறுநாள் தன் ஒரு மணி நேரத் தூக்கத்தை விட்டுவிட்டு, அவரே என்னைக் கூரியர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாங்கிய ஆள் எல்லாவற்றையும் இரண்டு பெரிய பைகளுக்குள் போட்டு ஒட்டும்வரை வாப்பா கவுண்ட்டரை விட்டு நகரவில்லை.

மார்ச்சில் முதல் கல்லூரியின் பதில் வந்தது. இல்லை என்றார்கள். காரணம் சொல்லவில்லை. டாக்டர் மகள் இன்றைக்கும் அந்த டிக்தான் காரணம் என்பாள். இருக்கலாம்.

இரண்டாவது பதில் ஏப்ரலில். எங்களுக்கு வீட்டுக்கு வந்து தபால் கொடுப்பவர் கிடையாது. கடையின் தபால் பெட்டி எண்தான் எங்கள் முகவரி. காலை பத்து மணிக்குக் கடைக்காரர்கள் தபாலை எடுத்து வந்திருக்கிறார்கள். வாப்பா வழக்கம்போல ஐந்து நிமிடத்தில் உறையைக் கிழித்துவிட்டார். கணக்கர் மலையாளி, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர். "தரூ பாய், ஞான் வாயிச்சுத் தராம்" என்று கை நீட்டினாராம். வாப்பா கொடுக்கவில்லை. "என் புள்ள படிப்பா" என்று தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை மணி வரை துணி கிழித்தார், அளந்தார், விலை பேசினார். கணக்கர் மூன்று முறை கேட்டும் தரவில்லையாம்.

நான் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது எங்கள் கட்டட வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். தாளை நீட்டினார். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் கடைசி வரிவரை சத்தமாக ஆங்கிலத்தில் படித்துவிட்டுத்தான் நிறுத்தினேன். ஒரு சொல்லும் புரியாமல் வாப்பா முழுவதையும் கேட்டார்.

"தமிழ்ல?"

"வாங்கன்னு கூப்புடுறாங்க வாப்பா. முழு உதவியோட."

அவர் தலையில் கைவைத்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். மேலே ஏறிப் போய் உம்மாவிடம் நான்தான் சொன்னேன்.

அந்தக் கல்லூரியில் சேர்ந்த மூன்றாவது வாரம், வகுப்புகள் ஓரளவு பிடிபட்டதும், ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்குப் போய் என் கோப்பைப் பார்க்க வேண்டும் என்றேன். கவுண்ட்டரில் இருந்த அம்மாள் நல்லவர். பல கல்லூரிகளில் இடம் கொடுத்ததும் அந்தக் கடிதங்களைக் கிழித்துவிடுவார்கள், இங்கே இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றார். இதுவரை இதைக் கேட்டு யாரும் வந்ததில்லை என்றும் சொன்னார். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அழைத்தார்கள். ஒரு சின்ன அறை, ஒரு மேசை, பச்சைக் கோப்பு.

மிஸ்ஸின் கையெழுத்தில் இரண்டு பக்கம். கெமிஸ்ட்ரியில் நான் வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் என்று எழுதியிருந்தார். அது சரி. செய்முறையில் அவசரக்காரி, கண்ணாடி உடைப்பாள் என்று எழுதியிருந்தார். அதுவும் சரி. பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசுவாள், தன் பக்கம் தவறென்று ஒப்புக்கொள்ளத் தாமதிப்பாள், ஆனால் பொய் சொல்ல மாட்டாள் என்று ஒரு பத்தி. கடைசியில், இந்த மாணவி இக்கடிதத்தைப் படிக்கக்கூடும் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் இப்படித்தான் எழுதுகிறேன் என்று ஒரே வரி.

நான் இரண்டு தடவை படித்தேன். தாமதிப்பாள் என்ற இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு நகல் வேண்டும் என்று கேட்டேன். கொடுத்தார்கள்.

கல்லூரியில் காலை பத்து மணி, ரோலாவில் சாயங்காலம். காலிங் கார்டு வாங்கிக் கடைக்குப் போன் செய்தேன். பின்னால் பெண்கள் விலை பேசும் சத்தம் கேட்டது. கடிதம் கையில் இருக்கிறது என்றதும் வாப்பா யாரிடமோ, "ஒரு நிமிசம் நில்லுங்கம்மா, இப்ப வந்துர்றேன்" என்றார். முதல் பக்கத்தை நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். நல்லதையும் சொன்னேன், மற்றதையும் சொன்னேன், எதையும் விடவில்லை.

"எதுத்துப் பேசுவான்னா எழுதிருக்காங்க?"

"ஆமா வாப்பா."

"அத உம்மாகிட்ட சொல்லாத, நாந்தான் அப்பவே சொன்னேன்னுவா" என்றார். "சரி, அடுத்த பக்கம் படி."